மூளையில் நீர் என்றால் தலைவிதியா?



போடிநாயக்கனூரிலும், விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டம் போகும் பெண்களிடத்திலும் ஸ்கேன் என்னும் வார்த்தை இன்று தெரியாததல்ல. ஆனால், “சிசுவின் மூளையில் நீர்” என்று டாக்டர் சொன்னதும், அது எவ்வளவு என்று கேட்காமலேயே கோடாங்கியிடம் ஓடுகின்றோமே, அதைப் பற்றியே இன்று பேச ஆசைப்படுகின்றோம்.

எல்லோருடைய மூளைக்குள்ளும் நீர் நிறைந்த அறைகள் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் அந்த அறையின் அகலத்தை அளக்கின்றார்கள். 10 மில்லி மீட்டருக்குக் குறைந்திருப்பது வழக்கம். 10 முதல் 12 வரை லேசான விரிவு. 15-க்கு மேற்பட்டால்தான் கடுமையானது. லேசான விரிவு மாத்திரம் இருந்து, மற்றச் சோதனைகளில் யாதொரு குறையும் காணப்படாவிட்டால், 100 குழந்தைகளில் 90-க்கு மேற்பட்டவை சாதாரணமாகவே வளர்கின்றன.

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா? கூடாது. டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். அளவு எத்தனை? வேறு உறுப்பில் குறை உண்டா? கிருமித்தொற்றுக்கும் குரோமோசோமுக்கும் சோதனை வேண்டுமா? மறு ஸ்கேன் எப்பொழுது? ஒருதரம் அளந்ததைக் கொண்டு முடிவு கட்ட முடியாது. விரிவு கூடுகின்றதா, குறைகின்றதா என்பதே முக்கியம்.

“கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால் வந்தது” என்று மருமகள் தலையில் பழி போடுகின்றார்கள். கிரகணம் வெறும் நிழல். நிழல் மூளையை விரிக்குமானால், அன்று சினையாயிருந்த ஆடுமாடுகளுக்கும் அல்லவா விரிந்திருக்க வேண்டும்? குரோமோசோம் மாறுதல், கிருமி, நீரோடும் பாதையில் அடைப்பு ஆகியவைகளே காரணங்களாகக் காணப்படுகின்றன. பல சமயங்களில் காரணமே அகப்படுவதில்லை. அகப்படாததற்கெல்லாம் பெண்ணைக் குற்றவாளியாக்குவது எந்த நியாயம்?

“உடனே கலைத்துவிடு” என்று அவசரப்படுத்துவதும் அறிவீனமே. 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பெரிய கோளாறு உறுதியானால் 24 வாரத்துக்குப் பின்னும் மருத்துவக் குழு அனுமதிக்கலாம். ஆகவே, சோதித்துத் தெரிந்துகொள்ள அவகாசம் உண்டு. சம்மதம் சொல்ல வேண்டியவள் கர்ப்பிணியேயன்றி, மாமியாரும் புருஷனும் அல்லர்.

ஆகவே தோழர்களே! கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கொடுங்கள். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும், மறு ஸ்கேனுக்குப் புருஷனும் கூடப் போகட்டும்!