டெரிலின் வந்தது, வேஷ்டி வீட்டுக்குள் போனது

(கோபர்கைரனேயில் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அறுபதுகளில் ஆண்களின் உடை எப்படி மாறியது என்று பேசச் சொன்னார்கள். சினிமாவும் பீட்டில்ஸும்தான் காரணம் என்பார்கள். 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’யைக் கலரில் பார்த்த பையன்கள் தையற்காரரிடம் ஓடியது உண்மைதான். ஆனால் என் கணக்கில் முதல் காரணம் ஒரு நூலிழை.

1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் காப்புரிமை பெற்ற பாலியெஸ்டர்தான் டெரிலின். நம் ஊரில் அதற்கு டெரீன் என்று பெயர். கெமிக்கல்ஸ் அண்ட் ஃபைபர்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1965-ல் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது வேறெங்கும் இல்லை. நமக்குப் பக்கத்தில், இதே தானே–பேலாப்பூர் சாலையில்! அப்போது எனக்குப் பதினைந்து வயது. அதுவரை டெரிலின் சட்டை என்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு.

மாட்டுங்காவில் ஒற்றை அறையில் ஆறு பேர் இருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. ராத்திரி அலசிக் கொடியில் போட்டால் காலை 8 மணி லோக்கலுக்குத் தயார். தோபிக் கணக்கு பாதியாகக் குறைந்தது. வியர்வையையும் அது உறிஞ்சாது என்பதை மே மாதத்தில் தெரிந்துகொண்டோம். அதற்காகவே 67 பங்கு பாலியெஸ்டர், 33 பங்கு பருத்தி கலந்த டெரிகாட் செல்வாக்குப் பெற்றது. கரிப்பெட்டியைச் சற்று அழுத்திவிட்டால் சட்டையில் ஓட்டை. அதைச் சொல்லி மாமிகள் தோபியிடம் போட்ட சண்டை தனிக் கதை.

அந்தத் துணியில் வைத்த மடிப்பு குலையாது. கத்தி மாதிரி நிற்கும். அதனால்தான் கணுக்காலைப் பிடிக்கும் குழாய்ப் பேண்ட் அவ்வளவு எடுப்பாக இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு இலை முன்னால் உட்கார முடியாது. வீட்டுக்கு வந்ததும் வேஷ்டிக்கு மாறிய பிறகுதான் சாப்பாடு.

என் பார்வையில் பெரிய மாற்றம் இதுதான். அதற்கு முந்தைய தலைமுறையில் பஞ்சகச்சமும் மேலே கோட்டுமாக ஃபோர்ட் ஆபீஸுக்குப் போன பெரியவர்கள் இருந்தார்கள். வேஷ்டி அவர்களுக்கு வெளியே போகிற உடை. அறுபதுகள் முடிவதற்குள் அது வீட்டுக்கும் வைதீகத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது. வேஷ்டியை யாரும் வேண்டாமென்று தள்ளவில்லை. சௌகரியம் அதை மெள்ள உள்ளே அனுப்பிவிட்டது. பஞ்சகச்சம் கட்டத் தெரியாத பிள்ளைகளைக் குறை சொல்லும் நாம், அவர்களுக்கு அதைக் கட்டிக்காட்ட எத்தனை நாள் ஒதுக்கினோம்?

கடைசியாக ஒரு விஷயம். இப்போது வேஷ்டியிலேயே பாலியெஸ்டர் கலந்து விற்கிறார்கள். ஹோமத்துக்கு வாங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். அந்தத் துணியோடு அக்னி முன்னால் உட்காராதீர்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.