மதுவும் மனச்சோர்வும்

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் வெயில் சாய்வதற்கு முன்னரே மூடுபனி இறங்கிவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடியையும் கடந்த இடம் அது. மலையில் வேலை முடிந்து, கவ்வாத்துக் கத்தியைத் துடைத்து வைத்த கையோடு தவறணைப் பக்கம் நடப்பவர் சிலர் உண்டு. ஏன் என்று வினவினால் மூன்று விடைகளுள் ஒன்று வரும். குளிருக்கு என்பார், உடம்பு வலிக்கு என்பார், கவலைக்கு என்பார். இம்மூன்று விடைகளையும் கொழுந்து நிறுப்பதுபோல் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது பயனுடையது.

முதல் விடை தராசில் நில்லாது. மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் முகமும் கையும் சூடேறியதுபோல் தோன்றும். உண்மையிலோ உடலின் உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் தோல் வழியே வெளியேறுகிறது. குடித்துவிட்டு வழியில் படுத்துறங்குபவனைக் குளிர் எளிதில் வெல்வதற்குக் காரணம் இதுவே. இரண்டாம் விடை பாதி மெய். வலியுணர்ச்சி சிறிது நேரம் மழுங்கும். ஆனால் களைத்த உடம்பைத் தேற்றுவது ஆழ்ந்த உறக்கம். மது கெடுப்பது அந்த உறக்கத்தைத்தான்.

மூன்றாம் விடையைக் கேட்டவுடன் பலர் சிரித்துவிடுகின்றனர். "கவலை இல்லாதவன் யார்? இது குடிகாரன் சாக்கு" என்று தள்ளிவிடுகின்றனர். மூன்றனுள்ளும் செவி கொடுத்துக் கேட்க வேண்டிய விடை இது ஒன்றுதான்.

கவலை வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. மலையகத்துக்குக் கவலை புதிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின்னர் ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்தனர். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இவற்றை எண்ணிக் கலங்குவது நோயாகாது; அது மனித இயல்பு. கடனை நினைத்து ஓரிரவு உறங்காதிருப்பதும் அவ்வாறே.

நோய் என்பது, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள்தோறும், பெரும்பொழுதும், மனம் இருண்டு கிடப்பது. முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்றிப் போவது. பசி குறையும், அல்லது மிகும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மீண்டும் உறக்கம் வராது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஓயாது அரிக்கும். மாசி மாதம் காமன் கூத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவன், தப்பு ஒலி கேட்டும் லயத்தை விட்டு வெளியே வராதிருப்பான்.

இதற்குத் தோட்டத்தில் வழங்கும் பெயர் 'மனச்சோர்வு' அன்று. 'யோசனை' என்பார்கள், 'தலைப்பாரம்' என்பார்கள், 'நெஞ்சடைப்பு' என்பார்கள். உடம்பு வலி என்று மருந்து வாங்கிப் போகிறவர்களுள் சிலருக்கு வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை. ஆடவர் அழக்கூடாது என்பது ஊர் வழக்கு. குடிக்கலாம் என்பதும் அதே ஊரின் வழக்கு. ஆகவே அழவேண்டியவன் குடிக்கிறான்.

முதல் குவளை அவனை ஏமாற்றுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெஞ்சின் பாரம் சற்று இறங்கத்தான் செய்கிறது. விரைவில் உறக்கமும் வருகிறது. ஆனால் மதுவின் வேகம் தணியத் தணிய, நள்ளிரவுக்குப் பின் மூளை விழித்துக்கொள்கிறது. படபடப்பும் அச்சமும் முன்னிலும் மிகுதியாகத் திரும்பி வருகின்றன. மது இயல்பிலேயே நரம்பு மண்டலத்தைத் தாழ்த்தும் பொருள். அதனை ஊக்கம் தரும் பொருளாக எண்ணுவதே பிழை. காலையில் பெரட்டுக்குப் போக முடியவில்லை. பெயர் விழவில்லை, சம்பளம் குறைந்தது, வீட்டில் சண்டை, அதனால் வெட்கம். அன்று மாலை கவலைக்குப் புதிய காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. தவறணைக் கணக்கு நிரம்பியதும் கசிப்பு வருகிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவனுக்கே சில வேளை தெரியாது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வகையும் உண்டு. சிலர் பல வாரம் சோர்ந்து கிடந்து, பின்பு திடீரென்று மலையையே பெயர்ப்பவர்போல் எழுவர். உறக்கம் வேண்டாம், பேச்சு ஓயாது, கையிலுள்ள பணமெல்லாம் ஒரே நாளில் பறக்கும், ஊரையே கூட்டி விருந்து வைப்பர். அந்த எழுச்சியிலும் குடி சேரும். பார்ப்பவர்கள் "குடியால் ஆடுகிறான்" என்று மட்டும் முடிவு செய்வர். இது இருதுருவ மனநோயாக இருக்கலாம். வெறும் சோர்வுக்குரிய மருந்தைத் தனியே கொடுத்தால் இந்நோய் சிலருக்கு மிகும். ஆதலால் முன்பு வந்த எழுச்சியையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது வீட்டாரின் கடமை.

பெண்களை விட்டுவிட்டு இதனைப் பேசுவது முறையாகாது. அதே லயத்தில், அதே வறுமையில், கொழுந்துக் கூடையையும் சுமந்து அடுப்பையும் மூட்டுபவள் பெரும்பாலும் குடிப்பதில்லை. அதனால் வறுமையே குடிக்குக் காரணம் என்ற வாதம் தானே வலுவிழக்கிறது. ஆனால் அவளும் மனச்சோர்வுக்கு ஆளாகிறாள். அவளுடைய நோயைக் கேட்பார் இன்னும் குறைவு. மறைவாகக் குடிக்கும் பெண்ணுக்கோ இரட்டிப்பு வெட்கம். அவள் உதவி தேடி வருவது மிக அரிது. சம்பளத்தின் மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை இரவில் எதைக் கண்டு விழித்திருந்தது என்பதையும் ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

சோர்வு முந்தியதா, குடி முந்தியதா? வீட்டில் இது பெரிய வழக்காகவே நடக்கும். தாய் சோர்வு முந்தியது என்பாள். மனைவி குடி முந்தியது என்பாள். வைத்தியர்கள் இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கின்றனர். குடியை நிறுத்திய பின் மூன்று நான்கு வாரம் கவனிக்கின்றனர். குடியினால் விளைந்த சோர்வு பெரும்பாலும் அதற்குள் தானே விலகத் தொடங்கும். அதன் பின்னும் நிற்பது தனி நோய். அதற்குத் தனியே சிகிச்சை வேண்டும். சோர்வு மிகக் கடுமையாயிருந்தாலோ, முன்பே அந்நோய் இருந்திருந்தாலோ, வாரங்களை எண்ணிக்கொண்டிராமல் இரண்டுக்கும் ஒருங்கே மருத்துவம் தொடங்குவர்.

இதனைக் கேட்கையில் மலையகத்தார்க்கு ஒன்று நினைவு வரலாம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாள் மதுவைத் தொடாதிருப்பவர்கள் எத்தனையோ பேர். குடியை விட இயலாது என்று ஊர் கைவிட்டவனும் அந்நாள்களில் விட்டிருக்கிறான். வைத்தியர் கேட்கும் நான்கு வாரமும் அதற்கு மேலும் அந்த விரதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அப்போது அவன் முகத்தை வீட்டார் உற்று நோக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் முகம் தெளிந்தால் நல்லது. விரதம் காத்தும், குளித்துப் பூசைக்கு நின்றும், அவன் கண்ணில் ஒளி இல்லையென்றால், உறக்கம் திரும்பவில்லையென்றால், அது பக்திக் குறைவன்று. வைத்தியசாலைக்கு அழைத்துப் போக வேண்டிய நோய்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், காலையில் குடித்தாலன்றிக் கைநடுக்கம் நில்லாத நிலையில் உள்ளவர், எந்தக் கோயிலின் முன் நின்றும் ஒரே நாளில் நிறுத்திவிடல் ஆகாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளையும் மனிதரையும் காண்பர். இல்லாத குரலைக் கேட்டு அலறுவர். இதைப் பேய் என்று கருதிச் சாமியாடியிடம் இழுத்துச் செல்வது உயிருக்கு ஆபத்து. வைத்தியசாலையில் இதற்குத் தகுந்த மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்து ஊசியும் உண்டு. அங்குச் சில நாள் தங்கியபின் மாலை அணியட்டும், கடவுள் கோபிக்கமாட்டார்.

வேறொரு வழக்கமும் ஒழியத்தக்கது. குடியை மறக்கச் செய்யும் மருந்து என்று ஏதோ ஒரு பொடியை வாங்கிக் கணவன் அறியாமல் சோற்றில் கலப்பது. 1948இல் டென்மார்க்கு ஆய்வாளர்கள் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய டைசல்பிராம் என்னும் மருந்து உண்மையானதே. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பர். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆகையால் அது நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே தரப்பட வேண்டியது. தெரியாமல் கலப்பவளுடைய துயரம் விளங்காமலில்லை. ஆனால் அவள் கையில் இருப்பது நஞ்சுக்கு நிகரானது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். இடையில் சூதுக்கு ஓர் அதிகாரம் தந்து, 95ஆம் அதிகாரமாக மருந்தை வைத்தார். மேடையில் பேசுவோர் பெரும்பாலும் முன்னதிலேயே நின்றுவிடுகின்றனர். இரண்டு அதிகாரம் தள்ளிச் செல்வதில்லை. மருந்ததிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிகிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நான்காமவனை ஒரு கூறாகவே எண்ணிய நுட்பம் வியப்புக்குரியது.

அந்த நான்காம் கூற்றின் வலிமைக்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980ஆம் ஆண்டு சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே குடித்தவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தார்க்கும் சிகிச்சையில் இடமுண்டு. அவருடைய குழுவினர் பின்னர்த் தஞ்சைப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாம் அமைத்தனர். நோயாளி நகரத்துக்கு வரவேண்டியதில்லை; சிகிச்சையே ஊருக்கு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் இடம் தந்தனர். முகாம் முடிந்து வீடு திரும்பியவரை ஊராரே கண்காணித்தனர். நாட்சம்பளம் போய்விடும் என்று வைத்தியசாலைக்கு அஞ்சும் தோட்டத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு எது? தோட்டத்தில் இடமும் உண்டு, தலைவர்மாரும் உண்டு. கோயில் திருவிழாவுக்குக் கூடும் அதே கைகள் இதற்கும் கூடலாம்.

சோர்வு நீக்கும் மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். மூன்றாம் நாளே "ஒரு சுகமும் இல்லை" என்று எறிபவர் பலர். சுகம் வந்தவுடன் தாமே நிறுத்துபவர் அவரினும் பலர். இரண்டும் தவறு. இருதுருவ நோய்க்கு லித்தியம் பெறுபவர் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இம்மருந்துகளோடு மது சேரலாகாது. ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால், மருத்துவம் தோற்றது என்று வீட்டார் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. மறுநாளே வைத்தியரிடம் உள்ளதைச் சொன்னால் போதும்.

இனிச் சொல்ல வேண்டியது கடுமையானது. சோர்வும் மதுவும் ஒருங்கு சேர்ந்த இடத்தில் தற்கொலை எண்ணம் விரைந்து செயலாக மாறுகிறது. மது தடையை அறுத்துவிடுகிறது. 1995ஆம் ஆண்டு இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிக்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டபின் அந்த விகிதம் பெரிதும் வீழ்ந்தது. அந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால், பெரும்பாலோர் பிழைத்து வாழ்கின்றனர் என்பதை உலகுக்குக் காட்டிய நாடுகளுள் இதுவும் ஒன்று. ஆகவே தோட்டத்து மருந்துகளையும் காய்கறிக் கொல்லைக்கு வாங்கியவற்றையும் லயத்துக்குள் வையாமல் பூட்டி வைத்தல் வேண்டும். "சாகவேண்டும்போல் இருக்கிறதா?" என்று நேரே கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்டபின் பலர் ஆறுதலடைகின்றனர். தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் குற்றமன்று. பொலிசுக்கு அஞ்சி வைத்தியசாலையைத் தவிர்க்கத் தேவையில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். கொழும்பில் 1974 முதல் இயங்கும் சுமித்திரயோ அமைப்பினரும் மனம் திறந்து பேசுவோர்க்குச் செவி கொடுக்கின்றனர். கந்தப்பளையாருக்கு நுவரெலியாவின் பெரிய வைத்தியசாலை பஸ்ஸில் எட்டும் தூரமே.

மாலை கழற்றும் நாளே மிகக் கடினமான நாள். நண்பர்கள் சந்தியில் காத்திருப்பர். "விரதம்தான் முடிந்ததே" என்பர். அந்த நாளுக்கு முன்னரே வீட்டில் மூன்று காரியங்களைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. சம்பள நாளில் அவனோடு தவறணைச் சந்தியைத் தவிர்த்துக் குறுக்குப் பாதையில் நடந்து வரப்போகும் மச்சான் யார்? அவ்வாரச் சம்பளக் காசு யார் கையில் இருக்கும்? அடுத்த கிளினிக் எந்தத் திகதி? மூன்றாவதைப் பிள்ளையின் பள்ளிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாலும் போதும். அந்தக் கொப்பி தொலைவதில்லை.