நிரந்தர முகவரி என்றொரு கட்டம்



யாருடைய நினைவுக்காக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தலைமையாசிரியை அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது வால்டாக்ஸ் ரோட்டு நடைபாதையில். பணி ஓய்வுக்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார். அடைத்திருக்கும் கடை ஒன்றின் முன்னால் அதை விரிப்பார். தெருவிளக்குதான் வெளிச்சம். லாரிகள் போகும்போது மட்டும் பாடம் நிற்கும். புதிதாக ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், "உன் வீடு எங்கே?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ராத்திரி எங்கம்மா படுப்ப?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. இன்று நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

வடசென்னையில் ரோட்டில் வாழ்கிறவர்கள் எல்லோரும் நேற்று எங்கிருந்தோ வந்து இறங்கியவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆனால் பாரிமுனை, வால்டாக்ஸ் ரோடு, ராயபுரம் பக்கம் ஆயா பிறந்ததும் அதே பிளாட்பாரம், பேத்தி பிறந்ததும் அதே பிளாட்பாரம் என்ற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். உங்களையும் என்னையும் விடப் பழைய சென்னைவாசிகள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் தேதி இரவை ஒதுக்கினார்கள். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். ஆனால் இருபது வயதுப் பையன் ஒரே இடத்திலா படுக்கிறான்? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனால் அன்றைக்குச் சமையல்கட்டு, மூட்டை இறக்கப் போனால் லாரியின் மேல், வேலை இல்லாத நாளில் ஸ்டேஷன் பக்கம். முதியவர்கள் ஓரிடத்தில் கிடப்பதால் கண்ணில் படுகிறார்கள். இளைஞர்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் யார் கணக்கிலும் வருவதில்லை. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சி காப்பகங்களைத் தொடங்கியது, அவற்றை நடத்தும் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இதெல்லாம் பெரிய காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பெரியவர்களுக்கு நடுவே பாய் போட்டுப் படுக்கச் சொன்னால், பத்தொன்பது வயதுக்காரன் இரண்டு இரவு படுப்பான், மூன்றாம் இரவு காணாமல் போய்விடுவான். அவனுக்குத் தேவைப்படுவது வேறு.

அது என்னவென்று நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு தப்பு செய்து.

எங்கள் அமைப்பின் இல்லத்தில் ஒன்பது வயதிலிருந்து வளர்ந்த ஒரு பையன். 18 வயது முடிந்த அன்று கேக் வாங்கி வெட்டினோம். புதுச் சட்டை, ஒரு பை, இரண்டு மாதச் செலவுக்குப் பணம், ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை. எல்லாம் முறைப்படி செய்தோம். இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லத்தில் இருப்பதற்கு 18 வயதுதான் எல்லை. வாசல் வரை வந்து கையசைத்தோம். ஐந்து மாதம் கழித்து எங்கள் களப்பணியாளர் அவனைச் சென்ட்ரல் எதிரில் பார்த்தார். அதே பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். ஷெட்டில் ஏதோ சண்டை, வேலை போய்விட்டது. "ஏன்டா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: "நீங்கதானே சார் அனுப்பி வெச்சீங்க."

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். எந்தத் தாய் பிள்ளையின் பதினெட்டாம் பிறந்தநாளன்று பையைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள்? இருபத்தைந்து வயது மகனுக்கு நாம் இன்னும் சட்டை தேய்த்துத் தருகிறோம். வேலை போனால் வீட்டுக்கு வருகிறான், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கிறான், மறுநாள் எழுந்து வேறு வேலை தேடுகிறான். அப்படித் திரும்பி வந்து விழ ஓர் இடம் இருப்பதுதான் வீடு. 2015இன் அந்த இளைஞர் நீதிச் சட்டமே 18 வயதுக்குப் பிறகு 21 வரை பின்னாதரவு என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதை ஏட்டிலிருந்து எடுத்து நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை ஊருக்குள் இருக்கும் எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளின் தலையில்தான் விழுகிறது. அந்தப் பையனுக்குப் பிறகு நாங்கள் யாரையும் 'அனுப்பி வைப்பது' இல்லை.

அடுத்தது காகிதம். சமூகத்தில் சேர்த்துக்கொள்வது என்று மேடையில் பேசுகிறோமே, அது ஒரு தாலுகா ஆபீஸ் ஜன்னலில்தான் ஆரம்பமாகிறது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். பிறப்பு பதிவாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. பெயரில்லாத பதிவில் பின்னால் பெயர் சேர்க்கலாம், அதற்கும் 15 ஆண்டு என்று வரம்பு உண்டு. ரோட்டில் வாழும் தாய்க்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? பிளாட்பாரத்திலேயே பிறந்த குழந்தை என்றால் பதிவே இருக்காது. ஓராண்டு தாண்டிவிட்டால் நடுவரின் ஆணை வாங்கித்தான் பதிய முடியும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் திணறல், ஆதாருக்கு அலைச்சல், வங்கிக் கணக்குக்கு இன்னும் அலைச்சல். கிடைத்த காகிதங்களும் நிற்பதில்லை. மழை நனைக்கும். நடைபாதையைக் காலி செய்ய வரும் வண்டி துணிமூட்டையோடு அள்ளிக்கொண்டு போகும்.

இந்தக் காகிதங்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 ஒரு சாட்சி. அந்த ஆண்டு மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடும் அணிகள். தென்னிந்திய அணி இங்கிலாந்தை வென்று கோப்பையை வாங்கியது. அந்த அணியில் தண்டையார்பேட்டை கருணாலயா அமைப்பின் பிள்ளைகளும் ஆடினார்கள், மும்பைப் பிள்ளைகளும் ஆடினார்கள். செய்தித்தாள்கள் கோப்பையைப் படம் எடுத்தன. நான் நினைத்துப் பார்த்தது அந்தப் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டை. ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்குப் பின்னாலும் எத்தனை ஜன்னல், எத்தனை வரிசை, எத்தனை 'நாளைக்கு வாங்க' இருந்திருக்கும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். 2023இல் அதே போட்டி சென்னைக்கே வந்தது.

இந்த நாட்டின் விதிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்தால், அவரிடம் முகவரிச் சான்று கேட்க வேண்டியதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., படிவத்தில் குறித்த இடத்துக்கு இரவில் போய், அவர் அங்கே உண்மையாகவே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். தூங்கினால் அதுவே சான்று. இது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. அரசாங்கம் நடந்து வந்து, நம் டீச்சரம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறது.

ஒருமுறை அப்படிப் பார்க்க வந்தபோது நான் கூட இருந்தேன். விண்ணப்பித்த பெண்ணுக்கு 18 முடிந்து நான்கு மாதம். அடைத்த இரும்புக்கடை வாசலில் ஆயாவோடு படுப்பவள். ஏழு மணிக்கே தலைசீவி, பூ வைத்து, போர்வையை இழுத்துச் சரிசெய்து உட்கார்ந்துவிட்டாள். கட்டணக் கழிப்பிடத்துக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. போன நேரத்தில் அலுவலர் வந்து, ஆளில்லை என்று எழுதிவிட்டால்? பத்தரை மணிக்கு வந்தார்கள். அந்த பி.எல்.ஓ. ஓர் அங்கன்வாடி அம்மா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நீதானா? இங்கதான் படுப்பியா?" என்றார். "ஆமாம்மா. ஆயா செவுத்துப் பக்கம், நான் ரோட்டுப் பக்கம்." அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். "வயசுப் பொண்ணு நீ செவுத்துப் பக்கம் படுக்கக் கூடாதா?" "ஆயாவுக்குக் கண்ணு தெரியாதும்மா. வண்டி ஏறிடும்." பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

அவளுடைய பெயர் அச்சான முதல் அட்டை அந்த வாக்காளர் அட்டைதான். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். எங்களிடம் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கிறது. இரண்டு தட்டு முழுக்க இப்படிப்பட்ட கவர்கள். டி.சி., மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், சிலவற்றில் அம்மாவின் ஒரே போட்டோ. நன்கொடை தருகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தால், முதலில் அந்த பீரோவைத் திறந்து காட்டச் சொல்வேன்.

ஆயா போன பிறகு அவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு விண்ணப்பித்தாள். படிவத்தை எங்கள் மேஜையில் வைத்துத்தான் நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று எழுதியவள், 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் நிறுத்திவிட்டாள். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எங்கள் முகவரியை எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், அவரது உறவுமுறை. "உறவுன்னு என்ன எழுத அக்கா?" என்றாள். "அக்கான்னே எழுது" என்றேன். வேலையில் சேர்ந்த பிறகு மூன்று பெண்களாகச் சேர்ந்து ஓர் அறை எடுத்தார்கள். பெற்றவர்கள் எங்கே என்று கேட்டே ஐந்து வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது வீட்டுப் பாட்டி அட்வான்ஸைக்கூடத் தவணையில் வாங்கிக்கொண்டார். அவள் தன் கவரை எங்கள் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். மதியம் அலுவலக போன் அடித்தது. சூப்பர்வைசர் பேசினார். பொண்ணுக்கு நல்ல காய்ச்சல், நிற்க முடியவில்லை, ஃபாரத்தில் உங்கள் நம்பர்தான் இருக்கிறது, அவளுக்கு நீங்கள் அக்காவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.