அடுக்குக்குறியும் ஊதுவத்தியும்
(பரிசளிப்பு விழாவில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்க வந்த பிள்ளைகளைக் காக்க வைக்கக் கூடாது. ஒரே ஒரு கணக்கைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். 1982-இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். "ஐயா, நான் தமிழ்ல கணக்குப் படிச்சவன். பேரன் இங்கிலீஷ்ல போடுறான். பக்கத்துல உட்காரவே கூச்சமா இருக்கு" என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். க² + க³ = க⁵ என்று எழுதியிருந்தான் பேரன். பல பிள்ளைகள் செய்கிற தவறுதான்.

"சிராங்கூன் சாலைக் கடையை நினைச்சுக்குங்க" என்றேன். ஒரு பாக்கெட்டில் 10 ஊதுவத்தி என்று வையுங்கள். 10 பாக்கெட் ஒரு பெட்டி. 100 வத்தி, அதாவது 10². 10 பெட்டி ஒரு மூட்டை. 1,000 வத்தி, 10³. தலைமேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன எண், எத்தனை பத்துகளைப் பெருக்கினோம் என்கிற எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு பெட்டியும் ஒரு மூட்டையும் வாங்கினால் 1,100 வத்தி. பேரன் கணக்குப்படி 10⁵, ஒரு லட்சம்! கடைக்காரர் கொடுப்பாரா? நூறு கடைகளுக்குக் கடைக்கொரு மூட்டை அனுப்பினால்தான் லட்சம் வரும். அது பெருக்கல்: 10² × 10³ = 10⁵. பெருக்கும்போதுதான் அடுக்குகளைக் கூட்ட வேண்டும்.

வகுக்கும்போது கழிக்க வேண்டும்: 6க⁵ ÷ 2க³ = 3க². இங்கே 6-ஐ 2-ஆல் வகுக்கிறோம், கழிப்பதில்லை. அவசரக்காரர்கள் இதிலும் 4 என்று எழுதிவிடுகிறார்கள்! க³ ÷ க³ என்றால் க⁰. ஒன்றை அதனாலேயே வகுத்தால் 1 தானே? அதனால் க⁰ = 1. (க பூஜ்யமாக இருக்கக் கூடாது.)

அடுக்கு கழித்தல் எண்ணாக வந்தால் பிள்ளைகளுக்குப் பயம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தார்களே, அதில் முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அந்த முந்திரியை மறுபடி 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒரு பங்கு. இன்றைக்கு அவற்றை 320⁻¹, 320⁻² என்று எழுதுகிறோம்.

பெரியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டே போனார். மறு வாரம் பேரன் நோட்டில் க² + க³ அப்படியே நின்றது. 'ஒரே உறுப்பாகச் சேராது' என்று பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது. தாத்தாவின் கையெழுத்து.