உறையில் இடம்பெறாத பெயர்

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைநிறுவன அதிபர் பெர்ரி கார்டி முன்பு ஃபோர்டு ஆலைத் தொழிலாளி. அங்குக் கண்ட தொடர் உற்பத்தி முறையிலேயே 1960களில் பாடல்களை உற்பத்தி செய்தார். இசைத்தட்டு உறையில் பாடகரின் படம் வந்தது. பேஸ் கிதாரை ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டி அப்பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் வரவில்லை. 1971இல் மார்வின் கேயின் தொகுப்பில்தான் அது அச்சேறியது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது. 1983இல் ஜேமர்சன் மறைந்தார்.

அவர் மீட்டியவையாகக் கருதப்படும் சில பாடல்களுக்குக் கரோல் கே என்னும் கலைஞரும் உரிமை கோரினார். இத்தகைய வழக்குகளில் ஆய்வாளர்கள் இசைக்கலைஞர் சங்கத்தின் கூலி ஒப்பந்தத் தாள்களைப் புரட்டுகிறார்கள். கூலிக்காக எழுதப்பட்ட அத்தாள்களில் வாசித்தவரின் பெயரும் நாளும் உண்டு. சங்கம் அறியாமல் ரொக்கம் கொடுத்து நடத்திய பதிவுகளுக்கோ தாளே இல்லை. காதால் கேட்டு ஊகிக்கிறார்கள்.