கிடை: கத்தரி படாத ஆடுகளின் அறுவடை

செம்மறி ஆட்டுப் பண்ணை என்றதும் ஆஸ்திரேலியர்களுக்கும் நியூசிலாந்துக்காரர்களுக்கும் ரோமம் கத்தரிக்கும் பருவம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஆட்டுக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம். நம் மாநிலத்திலும் கத்தரி படும் ஆடுகள் உண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் பேணிவரும் நீலகிரி ஆட்டின் ரோமம் மென்மையானது. திருச்சி கருப்பு, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆகியவற்றின் முரட்டு ரோமம் கம்பளிக்குப் போகும். ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேயும் ஆடுகளின் உடம்பில் கத்தரிக்கு வேலை கிடையாது. சிவப்புப் பொட்டு விழுந்த வேம்பூர் ஆடு, அடிவயிறு கருத்த கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை எல்லாமே வெயிலுக்குப் பழகிய குட்டை மயிர் இனங்கள். அவற்றின் பால் பெரும்பாலும் குட்டிக்கே போய்விடும். பால்கோவாவால் பேர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை செம்மறிக்குக் கிடைக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கறிக்கு விற்பது ஆட்டின் ஆயுளில் ஒரே ஒரு தடவை. அப்படியானால் ஆண்டு முழுவதும் அந்த ஆடு தருவது என்ன? இரவுதோறும் நிலத்தில் விடும் புழுக்கையும் மூத்திரமும்தான். அதை வேண்டிய வயலில், வேண்டிய அளவில் விழவைக்கும் தொழிலுக்குக் கிடை போடுதல் என்று பெயர். இன்றைய உரை அந்தத் தொழிலின் மதிப்பைப் பற்றியது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியின் நில அமைப்பே கிடைக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. மேற்கே மலை. மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் வரை கண்மாய்ப் பாசன நஞ்சைகளும் தென்னை, மாந்தோப்புகளும். கிழக்கே சாத்தூரை நோக்கிப் போகப்போக வானம் பார்த்த கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பி நட்ட நெல் தையிலும் மாசியிலும் அறுவடையானதும், தண்ணீர் வசதியில்லாத நஞ்சைகள் அரிதாளோடு கோடை முழுவதும் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில்தான் கரிசல் பக்கத்திலிருந்தும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்தும் மந்தைகள் வந்து சேரும். பல குடும்பங்களின் ஆடுகளைச் சேர்த்து நடத்திவரும் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். எந்த ஊரில் அறுவடை முடிந்தது, எந்தக் கண்மாயில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, யார் வயலுக்கு எத்தனை இரவு, இரவுக்கு என்ன கூலி என்பதையெல்லாம் பேசி முடிப்பவர் அவர். மழை பிடித்துவிட்டால் மந்தை திரும்பிவிடும். ஈரத்தில் குளம்பு அழுகும். நீலநாக்கு நோயும் அந்தப் பருவத்தில்தான் மிகுதி.

இதில் என்ன கலை இருக்கிறது, ஆட்டை வயலில் அடைத்தால் புழுக்கை தானாக விழாதா என்று கேட்கலாம். விழும், ஆனால் ஆட்டின் விருப்பப்படி விழும். செம்மறி ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும் பிராணி. மேட்டில் கூடும், காற்று வரும் பக்கம் ஒதுங்கும், நாய் குரைத்தால் ஒரு மூலையில் போய் அடையும். அப்படியே விட்டுவிட்டால் ஓரிடத்தில் எரு குவிந்து இன்னோரிடம் வெறுமையாகக் கிடக்கும். குவிந்த இடத்தில் அடுத்த பருவத்து நெல் தழைத்துத் தழைத்துக் கடைசியில் சாய்ந்துவிடும். அதனால்தான் ஆடுகளைச் சுற்றிக் கட்டும் தட்டியான படலின் அளவை ஆட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப இறுக்கியும் தளர்த்தியும் கட்டுகிறார்கள். இப்போது பல இடங்களில் படலுக்குப் பதில் வலை வந்துவிட்டது, கணக்கு அதேதான். நெருக்கமாகப் படுக்க ஓர் ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ஆடுகள் ஓர் இரவில் ஏறத்தாழ 25 சென்ட் நிலத்தை மூடும். ஓர் ஏக்கருக்கு நான்கு இரவுகள் ஆகும். நடுச்சாமத்தில் ஒருமுறை மந்தையை எழுப்பி விடுவதும் உண்டு. படுத்த ஆடு எழுந்ததும் மூத்திரம் பெய்யும், இடம் மாறிப் படுக்கும், எருவும் பரவும். காலையில் மந்தை போன பிறகு, காய்ந்து காற்றோடு போவதற்குள் ஓர் உழவு போட்டு மண்ணுக்குள் தள்ளவேண்டியது நிலத்துக்காரரின் பொறுப்பு. பகல் மேய்ச்சலிலும் இதே நுணுக்கம் உண்டு. அறுத்த சோளக்கட்டையில் மழைக்குப் பின் மறுதாம்பு துளிர்த்திருந்தால் அனுபவமுள்ள மேய்ப்பர் மந்தையை அந்தப் பக்கமே விடமாட்டார். அந்தத் துளிரில் இருக்கும் நஞ்சு சில நிமிடங்களில் ஆட்டைச் சாய்க்கக்கூடியது. பருத்தியிலோ மக்காச்சோளத்திலோ மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று விசாரிக்காமலும் அவர் ஆட்டை இறக்குவதில்லை. பள்ளிப் பாடத்தில் இல்லாத இந்த அறிவுக்குத் தேர்ச்சி என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

கிடையைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு. ஆடு எருவை உண்டாக்குவதில்லை. ஓரிடத்துச் சத்தை இன்னோரிடத்துக்குச் சுமந்து வருகிறது. பகலில் அதே வயலின் அரிதாளையே மேய்ந்து இரவில் அங்கேயே படுத்தால், வயலுக்குப் புதிதாக ஒரு சத்தும் சேராது. இருந்தது விரைவாக மட்கும் வடிவத்துக்கு மாறும், அவ்வளவுதான். பகலில் கண்மாய்க் கரையிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் ஓடையோரத்திலும் மேய்ந்து, இரவில் வயலில் படுக்கும்போதுதான் வயலுக்கு வரவு. ஆகவே கிடையின் மதிப்பு கீதாரியின் திறமையோடு முடிந்துவிடுவதில்லை. ஊருக்குப் பொதுவான புல்வெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதிலும் அது அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலும் இதே கணக்கில்தான் வேளாண்மை நடந்தது. பகலில் சுண்ணாம்புக் குன்றுகளின் புல்லில் மேய்ந்த ஆடுகளை இரவில் தானிய வயலில் படலுக்குள் அடைப்பார்கள். அதற்கென்றே அவர்கள் பேணிய வில்ட்ஷயர் ஹார்ன் என்ற இனத்துக்கு ரோமம் சொற்பம், கால் நீளம். குன்றுக்கும் வயலுக்கும் தினமும் நடக்கத் தெரிந்த ஆடு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கம்பளிக்குப் பேர்போன நாட்டிலேயே எருவுக்காக ஆடு வளர்த்திருக்கிறார்கள் என்றால், கத்தரி படாத நம் ஆட்டை ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குவதற்கு நியாயமே இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு யூரியாவிலிருந்து வருகிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு, அரசு மானியத்தோடு, கடையில் கிடைக்கிறது. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆயிரம் ஆடுகளை நாலு இரவு காத்துக் கூலி கொடுப்பானேன்? தழைச்சத்தை மட்டும் எடைபோட்டால் இந்த வாதம் வெல்லும். அதை ஒத்துக்கொண்டே மேலே பேசவேண்டும். ஆனால் மூட்டையில் தழைச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் கணக்கில் ஆட்டெருவில் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். நெல்லுக்கு ஹெக்டேருக்குப் பன்னிரண்டரை டன் தொழுவுரம் என்று அதே பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது; ஏக்கருக்கு 5 டன். வீட்டுக்கு வீடு மாடு குறைந்துவிட்ட ஊரில் அதை எங்கே தேடுவது, வண்டி வைத்து யார் அள்ளிக்கொட்டுவது? ஆடு தன் காலாலேயே எருவைக் கொண்டுவந்து இறக்குகிறது. தொழுவில் வீணாகும் மூத்திரமும் இங்கே மண்ணுக்கே போகிறது. ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று நம் உழவர்கள் சொல்லிவந்தது இந்த வேகத்தைப் பார்த்துத்தான். மண்ணில் மட்கு இல்லாவிட்டால் போட்ட யூரியாவும் தங்காது. கிடையும் உரக்கடையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கவேண்டியதில்லை. கிடை போட்ட வயலில் மூட்டையைக் குறைக்கலாம். குறைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பயிர் சாயும்.

இரண்டாவது மறுப்பு காட்டைப் பற்றியது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்திலேயே அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. ஆயிரம் ஆடு காட்டுக்குள் போனால் மரத்தின் இளங்கன்று தப்பாது. வீட்டுக் கால்நடையின் நோய் காட்டு மாட்டுக்கும் மானுக்கும் தொற்றலாம். காட்டைக் காப்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் இந்த வாதம் கிடைக்கு எதிராக முடிகிறதா? கிடை ஆட்டின் தீவனம் கோடை வயலிலும் கண்மாய்த் தரையிலும் இருக்கிறது. கீழே அது கிடைக்காமல் போகும்போதுதான் மந்தை மலையை அண்ணாந்து பார்க்கிறது. கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, புறம்போக்கில் கட்டடம் எழும்பி, அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வைக்கோலைக் கட்டும் இயந்திரமும் வந்து வயலைத் துடைத்துவிட்டால், ஆட்டுக்குப் போக்கிடம் ஏது? அடிவாரத்து மேய்ச்சல் நிலத்தை மீட்டுக்கொடுப்பது காட்டுக்கும் செய்கிற காவல்தான்.

சீமைக்கருவேலம் என்றதும் இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அதன் காயைத் தின்ற ஆடு விதையை வயலில் போடும். மாட்டைவிடச் செம்மறி நன்றாக மென்றுவிடுவதால் முளைக்கும் விதை குறைவு. தொழியடித்துத் தண்ணீர் நிறுத்தும் நஞ்சையில் அந்த முளையும் பிழைக்காது. புஞ்சையில் பிழைக்கும். கரிசல் புஞ்சையில் காய் உதிரும் காலத்துக் கிடைக்கு இந்தக் குறை உண்மையானது. முளைத்ததும் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறு. காவிரிக் கழனிப் பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து முன்பணத்துக்குச் சிறுவர்களை ஆடு மேய்க்க அனுப்பிய வழக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைவிட்டு, பெற்றோரைவிட்டு, ஊர் தெரியாத வயலில் இரவுக் காவலுக்கு நின்ற பிள்ளைகளைப் பல மாவட்டங்களில் அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்து வாங்கும் எரு எந்த வயலுக்கும் வேண்டாம். இதை மறைத்துக் கிடையைப் பாடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் பிள்ளைகளை ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்று தேடினால் கிடைக்கூலியில் வந்து நிற்போம். தேர்ச்சியுள்ள ஒரு பெரியவரை நியாயமான சம்பளத்துக்கு அமர்த்த அந்தக் கூலி இடம் தருகிறதா? நிலத்துக்காரர் தமக்கு வந்த எருவின் மதிப்பைக் கணக்குப் பார்க்காமல் பேரம் பேசும்வரை அடித்துக் குறைத்த விலையைச் சுமப்பவர் கடைசியில் நிற்கும் மேய்ப்பர். கிடை வேளாண்மையின் ஒரு வேலை, உழவுக்கும் நடவுக்கும் இணையான வேலை என்று எண்ணிக் கூலி பேசவேண்டும் என்பதே என் வாதத்தின் நடைமுறைப் பொருள். வயது வந்தவர் மேய்க்கும் மந்தைக்கே என் வயலில் இடம் என்று நிலத்துக்காரர்கள் சொல்லத் தொடங்கினால், சட்டம் எட்டாத இடத்துக்கும் அந்தச் சொல் எட்டும்.

கிடை நல்ல கிடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மந்தை போன காலையில் வயலின் நடுப்பகுதியைப் பார்க்காதீர்கள். நான்கு மூலைகளுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே புழுக்கை சமமாகக் கிடந்தால் இரவில் ஒருவர் விழித்திருந்திருக்கிறார். அன்று பார்க்கத் தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. மழை வந்து, நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்த பிறகு வரப்பில் நின்று பார்த்தால், கவனமில்லாமல் போட்ட கிடை கரும்பச்சைத் திட்டுகளாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கைதேர்ந்த கீதாரியின் கிடை விழுந்த வயலில் படல் எங்கே கட்டியிருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.