பொருளாதாரப் படிப்பும் அது தரும் பயிற்சியும்



தேர்வு முடிவுகள் வெளிவரும் கோடைக்காலத்தில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே வாதந்தான் நடைபெறுகிறது. பிள்ளையை எதில் சேர்ப்பது? பொறியியல், மருத்துவம், இரண்டும் இல்லையெனில் கணக்காயர் படிப்பு. இவற்றுக்கு அப்பால் நம் கண் செல்வதில்லை. நிலபுலனை விட்டு வந்தவர்க்குப் பிள்ளைகளின் கல்வியே முதல் என்பதால், அதைத் தவறான வழியில் செலவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் நமக்குச் சற்று மிகுதி. நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் மகள் பொருளாதாரம் பயில விரும்பினாள். "அதைப் படித்துவிட்டு எந்தக் கடையில் கணக்கெழுதப் போகிறாய்?" என்றார் தந்தையார். அவர் கேட்டதில் பிழையில்லை. ஆயினும் பொருளாதாரம் கணக்கெழுதும் கலையன்று. எழுதிய கணக்கைக் கேள்வி கேட்கும் கலை.

மும்பை நேயர்கள் எல்பின்ஸ்டன் கல்லூரியை அறிவார்கள். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தவர் தாதாபாய் நௌரோஜி. இந்தியா செழித்து வருவதாக ஆட்சியாளர் கூறிவந்த காலத்தில், அவர் அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களையே எடுத்துக் கூட்டினார். 1867-68இல் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கண்டார். பிறகு சிறைக் கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிடும் தொகையை அதனருகே வைத்தார். குற்றம் செய்தவனுக்குக் கிடைப்பது குற்றமற்ற குடிமகனின் சராசரி வருமானத்தினும் மிகுதி! எண் ஒன்றைத் தனியே நிற்கவிடாமல், அதற்கு ஏற்ற இணையைத் தேடி அருகில் நிறுத்துவது இப்படிப்பு தரும் முதற்பயிற்சி.

இரண்டாவது பயிற்சி நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் மாணாக்கரை நூல்நிலையத்தில் அடைத்து வைக்கவில்லை. வினாத்தாளைக் கையில் கொடுத்து, விடுமுறையில் அவரவர் கிராமத்துக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு, கடன் யாருக்கு எவ்வளவு, கூலி என்ன, மாடுகள் எத்தனை என்று கேட்டெழுதி வரச் சொன்னார். அக்காலத்தில் கல்லூரி ஏறக்கூடிய பிள்ளைகள் எத்தகைய வீட்டினர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிறந்து வளர்ந்த தெருவிலே, நாள்தோறும் கண்ட உழவுத் தொழிலாளியிடம், "உமக்குக் கூலி எவ்வளவு?" என்று அவர்களிற் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருப்பர். தூசி, கங்கைகொண்டான், இருவேல்பட்டு முதலிய ஊர்களின் விவரங்கள் 1918இல் நூலாக வெளிவந்தன.

அத்துடன் அது முடிந்துவிடவில்லை. தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்து இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டுக்கு, 1930களில் தொடங்கி 2008 வரை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சென்றிருக்கிறார்கள். பெருநிலக்கிழார் குடும்பத்தை அண்டியே உழைப்பவர் வாழ்ந்த நிலை எவ்வாறு தளர்ந்தது, ஊருக்கு வெளியே கிடைத்த வேலை அதில் எத்துணைப் பங்கு கொண்டது என்பனவற்றைத் தொண்ணூறு ஆண்டுக் கணக்கில் ஒப்பிட முடிகிறதென்றால், அன்று மாணவர் பென்சிலால் குறித்து வந்தவையே அதற்கு அடிப்படை. வேலை தேடி ஊரைவிட்டு வெளியேறிய நாமும் அக்கணக்கின் ஒரு வரிதானே!

சராசரியைக் கண்டு மயங்காதிருக்கவும் இப்படிப்பு கற்பிக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஊழியருக்கு மாதம் 20,000 ரூபாய், உரிமையாளருக்கு 2,20,000. சராசரி 40,000 என்று விளம்பரம் செய்தால் அது பொய்யன்று. ஆனால் அத்தொகையைப் பெறுபவர் அங்கே ஒருவருமில்லை. வேலைக்கு அழைக்கும் விளம்பரத்தைக் காணும் இளைஞன் இதை அறிந்திருத்தல் நன்று.

ஒன்றைக் கைக்கொண்டால் கைவிட நேர்வது எது என்று பார்ப்பது மற்றொன்று. புறநகரில் வாடகை குறைவென்று குடிபோகிறோம். ரயில் கட்டணத்தைக் கூட்டுகிறோம். நாளொன்றுக்குப் பயணத்தில் கழியும் மூன்று மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிடுகிறோம். பொருளாதார மாணவர் மறக்கக்கூடாது. (பொருளாதாரப் பேராசிரியர்கள் இதே தவற்றைச் செய்வதையும் நாம் கண்டிருக்கிறோம்.)

வேலைவாய்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணி 1961இல் அமைக்கப்பட்டது. அதற்குத் தனித் தேர்வு உண்டு, முதுகலைப் பட்டம் வேண்டும். வங்கிகள், ஆய்வு நிலையங்கள், பத்திரிகைகள் ஆகியவையும் இத்துறையினரை நாடுகின்றன. தில்லியில் உள்ளவர்க்கு 1949இல் தோன்றிய தில்லிப் பொருளாதாரப் பள்ளி அருகிலேயே இருக்கிறது. அதை நிறுவிய வி. கே. ஆர். வி. ராவ் பிறந்தது காஞ்சிபுரத்தில். அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் அங்கே கற்பித்தவர்கள். ஓர் எச்சரிக்கை: கணிதத்துக்கு அஞ்சிப் பொருளாதாரத்துக்கு ஓடுபவர் அங்கும் கணிதத்தையே சந்திப்பர். பல பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயின்றிருந்தால்தான் இடம் உண்டு. ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் வருந்திப் பயனில்லை.

முன்னே சொன்ன மகள் வாதாடவில்லை. ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்தாள். ஒரு புறம் பொறியியல், மறுபுறம் பொருளாதாரம். கட்டணம், விடுதி, புத்தகம், படிக்கும் ஆண்டுகளில் ஈட்டாது விடும் சம்பளம் உட்பட எல்லாம் எழுதித் தந்தையார்முன் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். "கணக்கு சரியே. ஆனால் விடுதிச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துப் போட்டிருக்கிறாய் அம்மா, மறுபடியும் விசாரித்து எழுது" என்றார்.